ஒரு கணு விடாமல்

கம்பெனி கேட்டிலேயே ரத்னாவின் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு, இந்தப் பக்கத்தில் எந்தக் கேட்டுக்குப் போனாலும் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். வாட்ச்மேன் அவளுடைய சோற்றுத் தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். துணியில் சுற்றியிருந்த கத்தியை எடுத்ததும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ரோஜாச் செடியில் மொட்டு ஒட்டுவதற்கென்றே செய்த, விரல் நீள மடக்குக் கத்தி அது. தேர்வில் முதலாவதாக வந்ததற்காகப் பயிற்சி நிலையத்தில் கொடுத்தது. இன்னதற்கு இந்தக் கத்தி என்று அவள் பொறுமையாக விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர் அதை மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

"போவச்சொல வாங்கிக்கினு போ."

பின்னால் நின்ற சாம்சன் தன் காலிப் பையை உதறிக் காட்டிச் சிரித்தான். அவனும் அதே நிலையத்தில் படித்தவன்தான். மணிமங்கலத்துக்காரன். தேர்வில் இரண்டாவது. கத்தி கிடைக்காதவன்.

வேலை ஒன்றுதான். ஒரகடம் கூட்ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த அந்தக் கம்பெனிக்கு நிரந்தரமாக ஒரு தோட்டக்காரர் வேண்டும் என்று, படப்பையில் இருந்த பயிற்சி நிலையத்துக்குக் கடிதம் வந்திருந்தது. யூனிபாரம் உண்டு, பி.எஃப். உண்டு. பயிற்சி ஆசிரியர் ஜீவானந்தம் இரண்டு பேரின் பெயரை எழுதி அனுப்பினார். ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டட்டும், சரியாக இருந்தால் முதலில் வந்த பெண்ணையே எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. சாம்சன் துணைக்கு வந்தவன் மாதிரிதான். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததா என்று ரத்னாவுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது, "நீ தோட்டக்காரி ஆனா எனக்கு ஒரு ரோஜாச் செடி களவாண்டு குடுக்கா" என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

ரத்னாவுக்கு இருபத்தொரு வயது. சேரப்பணஞ்சேரி காலனியில் வீடு. எட்டு வயதிலிருந்து அம்மா சந்திரம்மாளோடு களையெடுக்கப் போனவள். பத்தாவது முடித்த பிறகும் அதேதான். வேறு வேலைக்குக் கூப்பிட யாரும் இல்லை. இந்தப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், யாரிடமும் கேட்காமல் பெயர் கொடுத்தாள். இனிமேல் யார் வயலிலும் குனிய மாட்டேன் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஆறு மாதமாக அம்மா தனியாகக் களைக்குப் போகிறாள். வரிசையில் ரத்னாவின் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து மற்றப் பெண்கள், "உன் பொண்ணு பூந்தோட்டத்துக்கு மகாராணி ஆயிட்டாளாமே" என்று கேட்பார்களாம். அம்மா அதை வீட்டில் வந்து சொல்லமாட்டாள். மற்றவர்கள் சொல்லித்தான் ரத்னாவுக்குத் தெரியும். புரட்டாசியில் நடவு தொடங்கும். அதற்குள் இந்த வேலை கிடைத்துவிட்டால் அந்த இடம் காலியாகவே இருந்துவிடும். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தாள்.

நிர்வாக அதிகாரி கோதண்டராமன் அவசரத்தில் இருந்தார். சென்னையிலிருந்து ஜெனரல் மேனேஜர் மதியம் மூன்று மணிக்கு வருகிறாராம். அலுவலகக் கட்டடத்துக்கு முன்னால், செங்கற்களைச் சாய்வாக நட்டு வளைத்திருந்த ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். மூன்று சென்ட் இருக்கும். 'லான் ஏரியா' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய சின்னப் பலகை அதில் ஊன்றியிருந்தது.

"ஒரே களையா இருக்கு. மதியத்துக்குள்ள சுத்தமா எடுத்துடுங்க. அவர் வரப்போ நீட்டா இருக்கணும்" என்றார். இரண்டு களைக்கொட்டுகளை எடுத்துத் தரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

களைக்கொட்டு கைக்கு வந்ததும் ரத்னாவுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கத்தி டிராயரில் இருக்கிறது. அம்மாவின் ஆயுதம் கையில் இருக்கிறது. போகட்டும், இது முதல் படி என்று நினைத்துக்கொண்டாள். நோட்டில் 'புல்தரை அமைத்தல்' என்ற பாடம் அவளுக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது. முதலில் நிலத்திலுள்ள களைகளை வேரோடு அகற்ற வேண்டும். பிறகு மண்ணைச் சமன்படுத்த வேண்டும். பிறகு புல் நட வேண்டும். அந்தப் பாடம் நடந்த அன்று ஜீவானந்தம் சார் ஒரு பத்திரிகையின் நடுப்பக்கத்தைக் காட்டினார். வெளிநாட்டுப் பங்களா ஒன்றின் முன்னால், பாய் விரித்ததுபோல் பச்சையாகப் புல். அதைப் பன்னிரண்டு பேர் கைமாற்றி வாங்கிப் பார்த்தார்கள். அந்த மாதிரி ஒன்று இந்தச் செங்கல் வளையத்துக்குள் வரப்போகிறது, அதற்கு மண்ணைத் தயார் செய்யத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மண்ணில் கோரை இருந்தது, சாரணை இருந்தது, கொஞ்சம் கீழாநெல்லி. ஆனால் எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தது அருகம்புல், ஊரில் சொல்கிற அருகு. முளைத்து மூன்று வாரம் இருக்கும். அங்கங்கே ஓடத் தொடங்கியிருந்தது.

"இன்னாக்கா இது, அருகு மட்டும் கோடு போட்டாப்பல வரிசையா கீது" என்றான் சாம்சன்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அப்போது ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் என்று பின்னால் எத்தனை முறை நினைத்திருப்பாள். ஆனால் அவளிடம் பதில் தயாராக இருந்தது. அருகு இருக்கிற நிலத்தில் ஏர் ஓட்டினால் கொழு அதைத் துண்டு துண்டாக வெட்டி, போகிற வழியெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். விழுந்த இடத்தில் எல்லாம் முளைக்கும். அதனால் சால் போன வழியிலேயே வரிசையாக வரும். எத்தனை வயலில் பார்த்திருக்கிறாள்.

"டிராக்டரு வுட்டு ஓட்டியிருப்பாங்க. இழுத்துக்கினு வந்திருக்கும். கணு வுடாம எடு. ஒண்ணு வுட்டாலும் பத்து நாள்ல திரும்ப வந்து நிக்கும்."

அவன் தலையாட்டினான். கிறிஸ்தவ மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்தவன். வயல் வேலை அதிகம் தெரியாது. அவளைப் பார்த்துப் பார்த்துச் செய்தான்.

அருகை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலே பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கணு உள்ளே தங்கிவிடும். ஒரு சாண் தள்ளிக் கொத்தி, மண்ணைப் புரட்டி, கொடியின் நுனியைக் கண்டுபிடித்து, அது போகிற பக்கமே விரலை விட்டுக்கொண்டு போகவேண்டும். முழுக் கொடியும் நூல் மாதிரி வெளியே வரும்போது மண்ணை உதற வேண்டும். அம்மா இதைத்தான் அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்தாள் என்பதுகூடச் சரியில்லை. ஒரு கணு தங்கிப்போனால், வரப்பில் நிற்கிற நிலத்துக்காரர் பத்து பேர் முன்னால் அம்மாவைக் கேட்கிற கேள்வியிலிருந்து அவள் தானாகவே கற்றுக்கொண்டாள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு குனிகிறாள். முதல் கால் மணி நேரம் இடுப்பு வலித்தது. பிறகு வலி போன இடம் தெரியவில்லை. கை தானாக ஓடியது. சாம்சன் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்தாள். எடுத்ததையெல்லாம் செங்கல் ஓரத்தில் வேர் மேலே பார்க்கக் குவித்தாள். பதினொரு மணிக்கெல்லாம் மண் சலித்துப் போட்டதுபோல் கிடந்தது. அந்தக் காலை முழுக்க தான் மிகவும் சந்தோஷமாக இருந்தாள் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. பிற்பாடு அவளை அதிகமாகக் குத்தியது அந்தச் சந்தோஷம்தான்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு புல்லட்டில் பாண்டுரங்கன் வந்து இறங்கினார். சென்னையில் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் தோட்டம் போட்டுக் கொடுக்கிற கான்ட்ராக்டர். இந்த நிலமும் அவருடைய கான்ட்ராக்ட்தான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. கூலிங் கிளாஸைக் கழற்றினார். மண்ணைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்தார்.

"யாரும்மா இத புடுங்கச் சொன்னது?"

"சார்தான் களையெல்லாம் எடுக்கச் சொன்னாரு."

"களைய எடுக்கச் சொன்னாரு. லானையே எடுத்துட்டியே."

அவள் குவியலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார நேரம் பிடித்தது. பத்திரிகைப் படத்தில் இருந்த பச்சைப் பாயும், வேர் மேலே பார்க்க வாடிக்கொண்டிருந்த இந்த அருகும் ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்றன. அருகையா காசு கொடுத்து நட்டார்கள்? கணு கணுவாக நறுக்கி, நூல் பிடித்து வரிசையாக நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தார்களா? அவள் பிறந்ததிலிருந்து அம்மா எதைச் சாகடிக்கிறாளோ அதையா?

பாண்டுரங்கன் உள்ளே போய்க் கோதண்டராமனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஆபீஸில் இருந்த நாலைந்து பேரும் வந்தார்கள். யாரோ சிரித்தார்கள். ஆறு மாசம் டிரெயினிங் கொடுத்து அனுப்பின ஆட்களாம் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். கோதண்டராமன் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யார் முதலில் பிடுங்கத் தொடங்கியது என்று கேட்டார்.

சாம்சன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வரிசையா கீதேன்னு நான் கேட்டேன் சார். அக்காதான் எடுக்கச் சொல்லிச்சு."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவள்மேல் அவளுக்கே வந்த கோபத்தை அவன் பக்கம் திருப்ப முடியவில்லை.

போன் போட்டு ஜீவானந்தத்தை வரவழைத்தார்கள். படப்பையிலிருந்து டி.வி.எஸ். ஐம்பதில் வந்து சேர ஒரு மணி ஆகிவிட்டது. நாற்பது வயது இருக்கும் அவருக்கு. விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு, தனக்கேற்ற உத்தியோகம் கிடைக்காமல் வாடகை அரிசி மில் ஒன்றில் நடந்த இந்த நிலையத்துக்கு வந்தவர் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். குவியலைப் பார்த்ததும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ரத்னாவைப் பார்க்காமலே கோதண்டராமனிடம் போனார்.

"கிராமத்துப் பசங்க சார். ஒண்ணும் தெரியாம பண்ணிட்டாங்க. மன்னிச்சுக்கணும்."

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. ஒன்றும் தெரியாமலா? தெரிந்ததுதானே எல்லாவற்றையும் கெடுத்தது. ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் பாதிப் புல்லாவது மண்ணுக்குள் தங்கியிருக்கும். நிலையத்தில் சேர்ந்த முதல் நாள் நிரப்ப ஒரு பாரம் கொடுத்தார்கள். அதில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டபோது, இதே சார்தான் 'இல்லை' என்று எழுதச் சொன்னார். பதிமூன்று வருஷக் களைவேலை அங்கே இல்லை என்று ஆனது. இப்போது அந்த 'இல்லை' திரும்பி வந்து நிற்கிறது.

பாண்டுரங்கன் புது லோடு புல் கொண்டுவர வேண்டும், பில்லை யாருக்கு அனுப்புவது என்று கேட்டார். வெயிலில் இரண்டு மணி நேரம் காய்ந்த புல் செத்தது செத்ததுதான் என்றார்.

"சாவாது சார்" என்றாள் ரத்னா.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"வரப்பு மேல எட்டு நாள் கெடந்தாலும் சாவாது. ஒரு தூறல் பட்டா போதும், புடிச்சிக்கும். அத சாவடிக்கத்தான் சார் எங்கம்மா சின்ன வயசுலர்ந்து பாடுபடுது. இன்னும் முடியல."

ஆபீஸ்காரர்களில் ஒருவர் மறுபடியும் சிரித்தார். இந்தச் சிரிப்பு முன்னதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. கோதண்டராமன் யோசித்தார். மூன்று மணிக்குள் வெற்று மண்ணைவிட ஏதாவது ஒன்று அங்கே நடந்துகொண்டிருப்பது நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுபடி நடச் சொன்னார்.

"பத்து நாள்ல எல்லாம் பச்சையாயிடும் சார். ஆச்சுன்னா என்ன எடுத்துப்பீங்களா?"

"முதல்ல வரட்டும். பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' என்பதை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

குவியலைக் கலைத்துத் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் மூடினாள். கொடிகளை இரண்டு கணு, மூன்று கணுவாக ஒடித்தாள். சாம்சன் நூல் பிடித்தான். ஜீவானந்தம் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தார். அவர் நடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. கணு மேலே நிற்கும்படி நட்டார். நான்கைந்தைப் பார்த்துவிட்டு, அவள் கையை நீட்டி அவர் நட்டதைப் பிடுங்கிச் சாய்வாகப் புதைத்துக் காட்டினாள். அவர் அதன்பின் அப்படியே செய்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, குனிந்தபடியே சொன்னார். "பரீட்சைல லானுக்கு ஏத்த புல்லுன்னு இங்கிலீஷ்ல பேர் எழுதினியே, சைனோடான்னு. பத்துக்குப் பத்து போட்டேன். அது இதுதான்."

"நீங்க சொல்லவே இல்ல சார்."

"காலேஜ் நோட்டுல அந்தப் பேர்தான் இருந்துது." இன்னும் நாலு கணு நட்டார். "நானும் லான் போட்டதில்ல ரத்னா."

இதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. நிலையத்து வாசலில் இறங்கினால் காலடியில் அருகு. குழாயடியில் அருகு. ஆறு மாதமும் அதை மிதித்துக்கொண்டுதான் கரும்பலகைக்குப் போனார்கள், வந்தார்கள். ஒரு நாளாவது குனிந்து ஒரு தாளைப் பிடுங்கி, இது உங்கள் ஊரில் என்ன என்று கேட்டிருந்தால் போதாதா? ஆனால் அவளும் கேட்கவில்லையே. அந்த இங்கிலீஷ் பெயரை ஏழு தடவை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்தபோது, அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. தெரியாத பெயராக இருப்பதே அவளுக்குப் பிடித்திருந்தது. வயலில் இல்லாத, அம்மாவுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைக் கற்கிறோம் என்ற பெருமை அதில் இருந்தது.

மூன்றரை மணிக்கு ஜெனரல் மேனேஜரின் கார் வந்தது. அவர் இறங்கி, மண்ணில் குனிந்திருந்த மூன்று பேரைப் பார்த்து என்னவோ கேட்டார். இன்றைக்குத்தான் லான் போடுகிறார்கள் என்று கோதண்டராமன் சொல்வது காதில் விழுந்தது. குட் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அவ்வளவுதான். அந்த ஒரு ஆளின் கண்ணுக்காகத்தான் காலையிலிருந்து எல்லாம்.

சாயங்காலம் கேட்டில் ஆள் மாறியிருந்தது. புது வாட்ச்மேனிடம் டிராயர் சாவி இல்லை. கத்தி உள்ளேயே தங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னாள். சொல்லக்கூடாது என்றுதான் பஸ்ஸில் வந்தாள். விரல் நகத்துக்குள் இருந்த மண்ணைப் பார்த்து அம்மாவே கேட்டுவிட்டாள். முழுவதையும் கேட்ட சந்திரம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அருவ நட்டு வச்சு தண்ணி வுட்றானா? நம்ம மோட்டுக் கொல்லைய வந்து பாக்கச் சொல்லு அவன. கம்பெனியே கட்டிக்குவான்."

ரத்னா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அடுப்பில் விறகைத் தள்ளினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "அப்போ நான் கத்துக் குடுத்ததுதான் உன் வேலைய கெடுத்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அம்மா அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. ரத்னா எழுந்து கையைக் கழுவப் போனாள். எவ்வளவு தேய்த்தும் அந்த மண் நகத்தை விட்டுப் போகவில்லை.

அடுத்த பத்து நாளில் மூன்று நாள் மழை பெய்தது. ஒவ்வொரு மழைக்கும் அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. முதல் நாளில் கணுவில் வெள்ளையாக வேர் கிளம்பும், நான்காம் நாளில் தாள் எழும், ஏழாம் நாளில் பக்கத்தில் கொடி ஓடும் என்று மனசுக்குள் அந்த மூன்று சென்ட்டை வளர்த்துக்கொண்டே இருந்தாள். பயிற்சி நிலையத்தில் ஒட்டிய ரோஜாக்களைப் பற்றிக்கூட அவள் இப்படி நினைத்ததில்லை.

பதினோராம் நாள் காலையில் போனாள். பழைய வாட்ச்மேன்தான் இருந்தார். அவளை அடையாளம் தெரிந்து, டிராயரைத் திறந்து கத்தியை எடுத்து நீட்டினார். அதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். இல்லை, ஆபீசரைப் பார்க்க வேண்டும் என்றாள். கேட்டுக்கு வெளியிலேயே முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது.

நின்ற இடத்திலிருந்து கம்பி வேலி வழியாக லான் ஏரியா தெரிந்தது. பச்சை. ஒரு சொட்டை இல்லை. அவள் நட்ட வரிசைகள் எவை, ஜீவானந்தம் சார் நட்டவை எவை என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது.

கோதண்டராமன் கேட்டுக்கு வந்தார். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். புல் பிரமாதமாக வந்திருக்கிறது, பாண்டுரங்கன் ஏதோ உரம் போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார் என்றார். பிறகுதான் அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்ததுபோல் குரலை இறக்கினார்.

"அந்தப் பையனைப் போன வாரமே எடுத்தாச்சும்மா. காலைல ஆறு மணிக்கு மோட்டார் போடணும், ரோலர் இழுக்கணும். லேடீஸுக்கு சரிப்படாது. அதோட அன்னிக்கு நடந்தது ஃபைல்ல இருக்கு பாரு."

"அன்னிக்கு அவனும்தான் சார் புடுங்கினான்."

"நீ சொல்லித்தானே."

போகத் திரும்பியவர் நின்று, வாரத்தில் இரண்டு நாள் களை எடுக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும், தினக்கூலி, பாண்டுரங்கன் கீழே வேலை என்றார். "உன் கை சுத்தமா இருக்கு. இஷ்டம்னா வா."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ரோட்டுக்கு வேலியை ஒட்டித்தான் நடக்க வேண்டும். பாதி தூரத்தில் "அக்கா" என்று குரல் கேட்டது. சாம்சன் காக்கிச் சட்டையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. வேறு யாருடைய அளவுக்கோ தைத்தது. அவன் முதலில் ஏதேதோ சொன்னான். தானாகக் கேட்கவில்லை, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், சேரப்பணஞ்சேரிக்கு வந்து சொல்லலாம் என்று கிளம்பிக் கிளம்பி நின்றுவிட்டான், ஊரில் தங்கச்சிக்கு வரன் பார்க்கிறார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவன்மேல் கோபம் இல்லை என்றுதான் நினைத்தாள்.

பிறகு அவன் கையை வேலிக் கம்பிக்குள் விட்டு நீட்டினான். உள்ளங்கையில் ஒரு சின்ன முளை. மினுமினுப்பான பச்சைத் தாள் மூன்று.

"இது புல்லாக்கா, களையா? நேத்துலர்ந்து எங்க பாத்தாலும் வந்துக்கினு கீது. புடுங்க பயமா கீதுக்கா."

கோரை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தண்டை உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை இருக்கும். அவன் தாளை மட்டும் கிள்ளியிருக்கிறான். கிழங்கு உள்ளே இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து இன்னொரு கிழங்குக்கு மண்ணுக்கடியில் மாலை கட்டியதுபோல் ஓடும். இப்போதே ஒரு சாண் ஆழம் கொத்திக் கிழங்கோடு எடுத்தால் தப்பலாம். விட்டால் ஐப்பசி மழையில் அருகையே மூடிவிடும். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது.

"நோட்டுல கீது. பாத்துக்கோ" என்றாள்.

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவள் உண்மையாகவே வழி சொல்கிறாள் என்று நம்பிவிட்டான். "எந்தப் பாடத்துலக்கா?" என்று கேட்டபடி வேலியோரமாகவே கொஞ்ச தூரம் கூட நடந்து வந்தான். அதற்கு மேல் வேலி உள்பக்கம் திரும்பியது, நின்றுவிட்டான்.

வாலாஜாபாத்திலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பையைத் திறந்து, துணிக்குள் கத்தி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பதினொரு நாள் திறக்காமல் இருந்ததில் மடிப்பில் துரு ஏறியிருந்தது.

நோட்டில் கோரையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. இன்றைக்கு ராத்திரி அவன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பான். அம்மா கேட்டது ஞாபகம் வந்தது, அதற்குச் சொல்லாத பதிலும் ஞாபகம் வந்தது. ஜீவானந்தம் சார் கேட்கவில்லை, கோதண்டராமன் கேட்கவில்லை, பாரத்தில் கேட்ட இடத்திலும் இல்லை என்று எழுத வைத்தார்கள். உனக்கு இது என்னவென்று தெரியுமா என்று இத்தனை நாளில் அவளிடம் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

டிக்கெட் என்று கண்டக்டர் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது. சேரப்பணஞ்சேரி ஒண்ணு என்றாள்.